வருங்காலம் வீட்டுக் கதவு

நான் நாலாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன். சிமெண்டு மூட்டை சுமந்து ஆரம்பித்தவன், இன்று மூன்று இரும்புச் சாமான் கடைகளுக்கு முதலாளி. வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கைக் கதையை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். என் கதை தெரியாதவர் இந்த ஊரில் யாரும் இல்லை, தெரியாதவர்களைப் பிடித்து உட்காரவைத்து நானே சொல்லியிருக்கிறேன். அதனால் என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

செயலாளர் சிரித்துவிட்டார். "யாரு, வருங்காலமா? சட்டசபைக்கு அஞ்சு தடவை நின்னு அஞ்சு தடவையும் தோத்தவராச்சே."

"நாலு தடவைதான் தோத்தாரு. முதல் தடவை அவரை நிக்கவே விடல. அதுக்குக் காரணம் நான்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, சரி எழுதுங்கள் என்றார்.

என் மாப்பிள்ளைக்குச் சாவி போடும் தொழில். சந்தை முனையில் ஆறடிக்கு நாலடி தகரப் பெட்டிதான் கடை. உள்ளே கொக்கிகளில் வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கும். அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார், தூளை ஊதுவார், பூட்டைக் காதோடு வைத்துச் சாவியைத் திருப்புவார். சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆட்களின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. பூட்டு இருக்கும். தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் என் பக்கம் குனிந்து, "ரெண்டாவது லிவர் தேஞ்ச வீடு, மச்சான்" என்பார். லிவர் என்பது பூட்டுக்குள் சாவி தூக்கிவிடும் தகடு.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சட்டசபை ஆசை எப்படி வந்தது? சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் எங்கள் பகுதி ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் ஓடிவந்து அவரைக் கையோடு இழுத்துப் போனார். பிரசவ அறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் போயிருந்தார். வெளியே ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். இவர் ஒரு கம்பியை வளைத்து இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் அரசாங்கப் பூட்டைத் திறந்ததாக இவர்மேல் வழக்கு.

நியாயம் கேட்க எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்குப் பதினோரு தடவை நடந்தார். பதினோரு தடவையும் கேட் பூட்டியிருந்தது. கடைசித் தடவை நானும் கூடப் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து பூட்டை உற்றுப் பார்த்தார்.

"ஏழு லிவர் பூட்டு, மச்சான். மூணு நிமிஷம் போதும். ஆனா நானே திறந்துட்டு உள்ள போனா திருடன்னுவாங்க. ஓட்டு வாங்கிட்டுத்தான் உள்ள போகணும்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே தன் வீட்டு வாசல் கதவிலிருந்த பூட்டைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி எடுத்துவிட்டார். தேர்தலுக்கு அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று. 'என் வீட்டுக் கதவு பூட்டாது, எந்த நேரமும் வரலாம்.' ஜெயித்த பிறகு கழற்றினால் அது வாக்குறுதி, ஜெயிப்பதற்கு முன்னாலேயே கழற்றினால்தான் நம்புவார்கள் என்று அவருடைய கணக்கு. பூட்டு இருந்த இடத்தில் கதவில் ஓர் ஓட்டை விழுந்தது. என் தங்கை அதில் காகிதத்தைச் சுருட்டிச் செருகினாள்.

சுயேச்சையாக நிற்பவருக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான்தான் முன்னால் போய் நின்றேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் கேட்டிருந்தது. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் எத்தனையாவதாக இருக்கிறதோ அந்த எண். எனக்கு அது என்ன தெரியும்? என் வீட்டுக் கதவு எண்ணைப் பெரிதாக எழுதினேன். இந்த ஊரில் அந்த எண்ணைச் சொன்னால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்து நிற்பார். பரிசீலனை நாளில் அதிகாரி பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "இந்த எண்ல ஒரு அம்மா பேரு இருக்கே" என்றார். பத்தில் ஒன்று குறைந்துவிட்டது. மனு தள்ளுபடி.

வெளியே வந்து நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாப்பிள்ளை என் தோளில் கை வைத்தார். "விடுங்க மச்சான். உங்க கதவு எண்ணைக் கேக்காதது அவங்க தப்பு." இதில் கேலி எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த மனு தள்ளுபடியாவதற்குள், 'வருங்கால சட்டமன்ற உறுப்பினர்' என்று அச்சடித்த சுவரொட்டி ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் பெயர் வருங்காலம். "வருங்காலம் கடையைத் திறந்துட்டாரா?" "பீரோ சாவி தொலைஞ்சு போச்சு, வருங்காலத்தைக் கூப்பிடு." சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிடும். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஒவ்வொரு தடவையும் சின்னம் கேட்கும் இடத்தில் பூட்டு சாவி என்றுதான் எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் அதை வேறொருவரும் கேட்பார், குலுக்கலில் அந்த ஆளுக்கே போய்விடும். இரண்டாவது தடவை இவருக்குச் சீப்பு கிடைத்தது. மாப்பிள்ளைக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. கையில் சீப்போடு அவர் வீதியில் வந்ததைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா வாசலில் நின்று, "உங்களுக்கே உதவாத சாமானை எங்ககிட்ட நீட்டுறீங்களே" என்றார். "எனக்கு எதுவும் வேணாம்னு இதைவிட எப்படிம்மா காட்டுறது?" என்றார் இவர். தொகுதி முழுவதும் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது. எங்கள் வாக்குச்சாவடியில் பதினாலு.

மூன்றாவது தடவை தையல் மெஷின், நான்காவது தடவை பலூன். ஓட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறினாலும் டெபாசிட் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு நாள் கடையில் உட்கார்ந்து அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "வீட்டுச் சாவியை என் கையில குடுத்துட்டுப் போறாங்க மச்சான். இன்னொண்ணு வெட்டி நான் வச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும்? அவ்வளவு நம்புறவங்க, ஓட்டை மட்டும் ஏன் என்கிட்ட குடுக்க மாட்டேங்கிறாங்க?"

யாருக்கும் சளைக்காமல் பதில் சொல்லுகிறவன் நான். அன்றைக்குக் கொக்கியில் தொங்கிய சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காரணம் இருந்தது, இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தேர்தலின்போது என் இரண்டாவது கடையின் குடோனுக்கு அனுமதி கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. பெரிய கட்சியின் ஆள் கடைக்கு வந்து காபி குடித்துவிட்டு, எங்களை மறந்துடாதீங்க முதலாளி என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை, அந்தக் கட்சிக்குப் போட்டேன். வாழ்க்கையில் நான் பதுங்கிச் செய்த காரியம் அது ஒன்றுதான். குடோன் அனுமதி அடுத்த மாதமே வந்தது. அந்தக் குடோனுக்குப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

இந்த இருபது வருடமும் என் தங்கை எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. பூட்டில்லாத வீட்டை விட்டு இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போக முடியாது. மகளைக் கட்டிக்கொடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எட்டு மணி நேரம் ரயிலில் போக வேண்டிய ஊர். தங்கை போனால் வீட்டுக்கு மாப்பிள்ளை காவல், மாப்பிள்ளை போனால் தங்கை காவல். பேத்தி ஒருமுறை போனில், "தாத்தாவும் பாட்டியும் சண்டையா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஐந்தாவது தேர்தல் அறிவித்த அன்று நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். தங்கை டம்ளரை வைத்த வேகத்திலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"அண்ணே, நீங்களே சாட்சி. இவரு நிக்கட்டும், நான் தடுக்கல. ஆனா இந்தத் தடவை நம்ம பூத்துல மட்டும் நூறு ஓட்டு விழணும். இவரைத் தெனம் பாக்குற சனம் நூறு பேருகூட இவரை நம்பலைன்னா, அப்புறம் யாருக்காக இந்தக் கதவு திறந்து கிடக்குது? நூறு விழலைன்னா கதவுக்குப் பூட்டு. மறு வாரம் ரெண்டு பேரும் ஒரே ரயில்ல மகளைப் பாக்கப் போறோம்."

மாப்பிள்ளை கதவின் ஓட்டையில் செருகியிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவை எங்கள் பூத்தில் விழுந்தது அறுபத்தொன்று. "சரி, நூறு" என்றார்.

அந்தத் தடவை அதிசயமாகப் பூட்டு சாவி சின்னத்தை வேறு யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஆனந்தத்தில் செய்த காரியத்தைக் கேளுங்கள். பூட்டு சாவிப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே தன் கடை போன் நம்பரையும் கொடுத்து நோட்டீஸ் அடித்துவிட்டார். நோட்டீஸைப் பார்த்த சனம் அதைக் கடை விளம்பரம் என்று எடுத்துக்கொண்டது. ஒட்டிய நாளிலிருந்து போன் ஓயவில்லை. பைக் பூட்டு, பெட்டிப் பூட்டு, கல்யாண மண்டபத்துப் பூட்டு. பிரசாரத்துக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி எங்காவது பூட்டுத் திறக்கப் போய்விடுவார்.

"மாப்பிள்ளை, நீங்க ஓட்டுக் கேக்கவே இல்லையே" என்று கத்தினேன்.

"வேலையைப் பாதியில விட்டுட்டு ஓட்டுக் கேட்டா யாரு போடுவாங்க, மச்சான்?"

வாக்குப்பதிவு நாளில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் கடைசி ஆளை அனுப்பிய பிறகுதான் சாப்பிடுவார். அதே மாதிரி எல்லோரும் போட்ட பிறகு கடைசியாகத்தான் தன் ஓட்டைப் போடுவார். காலையிலேயே தங்கை புதுத்துணி உடுத்திப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். நானும் போட்டேன், பூட்டு சாவிக்குத்தான். இவர் சாவடிக்கு எதிர்ச் சுவர் ஓரமாக நின்று வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"பூட்டுச் சின்னம்தானே? நோட்டீஸ்ல நம்பர் பாத்தோம். அப்பா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாரு. தாழ்ப்பாள் உடைஞ்சுபோச்சு. அவருக்கு இதயக் கோளாறு வேற."

ஊரின் அந்தக் கோடி. என் காரில்தான் போனோம். பால்கனியில் பெரிய கட்சியின் கொடி கட்டியிருந்தது. நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். தாழ்ப்பாள் உள்ளே மடிந்து சிக்கியிருந்ததால் அரைமணி நேரம் ஆனது. கதவு திறந்ததும் பெரியவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். முதலில் கேட்டது, "மணி என்ன? நான் இன்னும் ஓட்டுப் போடல."

"மச்சான், ஐயாவை நம்ம வண்டியிலேயே விட்டுடலாம்" என்றார் மாப்பிள்ளை.

காரில் பெரியவர் இவருடைய நோட்டீஸ் கட்டின் மேலேயே உட்கார்ந்து வந்தார். தன்னுடைய சாவடி வாசலில் இறங்கும்போது அவருக்கே மனசு கேட்கவில்லை. "தம்பி, நீங்க தங்கமான மனுஷன். ஆனா நாங்க அப்பா காலத்துலேருந்து அந்தக் கட்சிதான்."

"பரவால்ல ஐயா. படி உயரமா இருக்கு, பாத்து எறங்குங்க."

நாங்கள் எங்கள் சாவடிக்கு வந்தபோது ஆறு மணி தாண்டி நாலு நிமிடம். பள்ளிக்கூடத்துக் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. போலீஸ்காரர் இவரைப் பார்த்ததும் தடுமாறிவிட்டார். "அண்ணே, ஆறு மணிக்கு உள்ள நின்னவங்க மட்டும்தான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மாப்பிள்ளை பூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "போன மாசம் இதுக்கு ஸ்பிரிங் மாத்திக் குடுத்தது நான்தான்" என்றார். அரை நிமிடத்தில் திறக்கக்கூடிய பூட்டு. இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளே கடைசி வரிசை நகர்ந்து முடிகிறவரை நின்றார். அப்புறம், "நல்லா பூட்டுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

காரில் ஏறியதும் கைக்குட்டையைக் கிழித்து, இடது கை ஆள்காட்டி விரலில் கட்டு மாதிரி சுற்றிக்கொண்டார். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க மச்சான். காலையில அவ்வளவு சந்தோஷமா போய்ப் போட்டுட்டு வந்தா. மை இல்லாத விரலைப் பாத்தா மனசு ஒடைஞ்சுபோயிடுவா. அரம் பட்டுடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

நாலாம் நாள் எண்ணிக்கை முடிந்தது. தொகுதியில் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று. இதுவரை வாங்காத ஓட்டு. மறுநாள் சாவடி வாரியான தாளை வாங்கி வந்து தங்கை முன்னால் வைத்தார். அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். எங்கள் பூத்துக்கு நேராகத் தொண்ணூற்றொன்பது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஒண்ணு கொறைஞ்சாலும் கொறைஞ்சதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய், கடையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய பித்தளைப் பூட்டு. கடையில் விற்கிற சாமான் இல்லை. லிவரிலிருந்து மூடிவரை அவர் கையால் செய்தது. பூட்டு விற்றே முப்பது வருடம் ஆன எனக்கு அதைப் பார்த்ததும் வாய் பிளந்துவிட்டது.

"இது எப்ப செஞ்சீங்க?" என்றாள் தங்கை.

"மக கல்யாணம் ஆன வருஷம் ஆரம்பிச்சேன். என்னிக்காவது நீ கேப்பேன்னு தெரியும்."

கதவின் ஓட்டையிலிருந்து காகிதத்தை உருவிப் போட்டுவிட்டுப் பூட்டைப் பொருத்த ஆரம்பித்தார். கட்டுப் போட்ட விரல் திருகாணியில் இடித்துக்கொண்டே இருந்தது. தங்கை பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அஞ்சு நாளாச்சு, இன்னுமா காயம் ஆறல? காட்டுங்க." அவர் கையை இழுப்பதற்குள் துணியை அவிழ்த்துவிட்டாள். விரலில் காயமும் இல்லை, மையும் இல்லை.

அவள் அந்த விரலைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாத்ரூம் பெரியவரிலிருந்து பள்ளிக்கூடத்துக் கேட்வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். மாப்பிள்ளை, "நூறுன்னா நூறுதான். போடாத ஓட்டைச் சேத்துக்க முடியாது" என்று கதவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் சேக்கச் சொல்லல" என்றாள் தங்கை. "நீங்க பூட்டைப் போடுங்க."

அவர் போட்டு முடித்தார். காதை வைத்துத் திருப்பிப் பார்த்தார். கடையில் கேட்கிற பழக்கத்தில், குனிந்த தலை நிமிராமலே, "எத்தனை சாவி வேணும்?" என்றபடி இன்னொரு சாவியை அரத்தால் இழுக்க ஆரம்பித்தார்.

தங்கை யோசித்தாள். "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு ஒண்ணு. பால்காரருக்கு. முனை வீட்டு டெய்லருக்கு. ஆஸ்பத்திரி ஆயாவுக்கு ஒண்ணு. பிரசவ ரூம் பக்கம் ஏதாவது ஒண்ணுன்னா அவங்கதான் நம்மளத் தேடி வருவாங்க..."

அரம் நின்றது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? நாம ஊர்ல இல்லாதப்ப யாராவது வந்து நின்னா கதவைத் திறக்க ஆள் வேணாமா? எனக்கு வேண்டியது உங்ககூட ஒரே ரயில்ல போறது. கதவோட எனக்கு என்ன சண்டை?"

அன்று உட்கார்ந்து பன்னிரண்டு சாவி வெட்டினார். பன்னிரண்டாவதை என்னிடம் நீட்டினார். எனக்குக் கை நீளவில்லை. "எனக்கு எதுக்கு மாப்பிள்ளை" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "புடிங்க மச்சான். மூணாவது தேர்தல் அன்னிக்கு நீங்க என் கடையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்க. மை வச்ச விரலை மேசைக்கு மேல எடுக்கவே இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா அடுத்த தடவையும் முதல் கையெழுத்துக்கு என்கிட்ட வந்தீங்க?"

"வேற யாருகிட்ட போவேன்?" என்றார்.

இரண்டு பேரும் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்கள். பேத்தி போனில் கத்திப் பேசியதில் எனக்குக் காது அடைத்துவிட்டது. தினமும் நாலு மணிக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, நான் வந்து கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துகொள்கிறேன். இதைக்கூட இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூன்று கடைச் சாவியும் குடோன் சாவியும் கோத்த வளையத்தில் இந்தச் சாவியும் இருக்கிறது. மற்றதெல்லாம் கடையில் வாங்கியது.

கொஞ்சம் முன்னால் ஓர் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "வருங்காலம் இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்காரும்மா. உள்ள வாங்க, உக்காருங்க. என்ன விஷயம்?"

ரேஷன் அட்டையில் பெயர் தப்பாக விழுந்திருக்கிறதாம். குறித்துக்கொண்டேன். அடுத்த தேர்தலுக்கு நாலு வருடத்துக்கு மேல் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் என் பெயர் முன்னூற்று நாற்பத்தாறாவது. இந்தத் தடவை அதை மனப்பாடமே செய்துவைத்திருக்கிறேன்.